ராஜாங்கம் கட்டிய ஆஸ்பத்திரி

அன்று கத்திரி வெயில். மத்தியான ஷிஃப்ட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் நிலக்கரி மைன்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஷேர் ஆட்டோ ஒன்று ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டு பனங்காட்டுக்கொல்லை சமுதாய மருத்துவமனைக்குள் புகுந்தது. தலைமை நர்ஸ் ஜெயசெல்வி வாசலுக்கு ஓடினாள். ஆட்டோவின் தரையில் ஒருவன் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தான். இடது விலாவுக்குக் கீழே லுங்கியைச் சுருட்டி வைத்து இன்னொருவன் அழுத்திக்கொண்டிருந்தான். லுங்கி நனைந்து, அழுத்தியவனின் முழங்கை வரை ரத்தம் ஏறியிருந்தது. படியிலிருந்து சிமெண்டுத் தரையில் சொட்டியது.

அவள் கிடந்தவனின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஜெயப்பிரகாஷ்.

"சிஸ்டர்... வயித்துல எரியுது சிஸ்டர்" என்றான். உதடு வெளுத்திருந்தது.

இந்த ஆஸ்பத்திரிக்கு நிலம் கொடுத்து, தொடங்கிய நாளிலிருந்து கமிட்டித் தலைவராக இருக்கும் ராஜாங்கத்தின் இளைய மகன் அவன். சின்னப் பையனாக மாமரத்திலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டு வந்தபோது ஜெயசெல்விதான் தையல் போட்டாள். வலிக்கும் என்று அவள் கையைக் கடித்து வைத்தான். இன்றைக்கு அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"பேசாத. மூச்ச மட்டும் இழுத்து வுடு. தோ, டாக்டர் வந்துகினு இருக்கார்."

தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். சர்ஜன் இளம்பரிதி வயிற்றைத் திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த ரத்தம் மேசையைத் தாண்டி அவர் செருப்பின்மேல் வழிந்தது. உறிஞ்சும் மெஷின் ஈடுகொடுக்கவில்லை. துணியைத் துணியாக உள்ளே வைத்து அமுக்கினார். "பெரிய குழாயிலயே பட்டிருக்கு சிஸ்டர். எங்கன்னு தெரியல. அமுக்குங்க, அங்கயே அமுக்குங்க" என்று கத்தினார். வெளியே இரண்டு பேர் ரத்தம் கொடுக்கக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. ஜெயசெல்வி ஸ்டூலின்மேல் ஏறி நின்று அவன் நெஞ்சை அமுக்கினாள். தோள் மரத்துப்போன பிறகும் அமுக்கினாள். கடைசியில் இளம்பரிதி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும் சிஸ்டர்."

உடம்பைத் துடைத்து, பக்கத்து அறைக்கு மாற்றிக் கொண்டிருந்தபோதே ஆம்புலன்ஸ் அடுத்தவனைக் கொண்டுவந்தது. அவன் பெயர் வேணு. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருப்பவன். மண்டை பிளந்து, ஒரு காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த ஆம்புலன்ஸ் ஆள் தணிந்த குரலில் சொன்னான்: "சிஸ்டர், குத்துனது இவன்தான்."

நடந்தது இதுதான். மைன்ஸில் மண் அள்ளும் வேலைக்கு ஒரு புதுக் கான்ட்ராக்டர் வந்திருந்தார். ஆள் பிடித்துக் கொடுப்பது ராஜாங்கத்தின் மூத்த மகன் அருண்ராஜ். கூடவே மேஸ்திரியாக இருந்தவன் தம்பி ஜெயப்பிரகாஷ். உள்ளூர்க்காரன் ஒருவனுக்கு இடம் வேண்டும் என்று வேணுவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து நியாயம் கேட்டான். அருண்ராஜின் ஆட்கள் இரும்புக் குழாயால் அவன் தலையில் போட்டார்கள். விழுந்தவன் எழுந்து, பக்கத்துத் தள்ளுவண்டியில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினான். கைக்கெட்டும் தூரத்தில் நின்றவன் ஜெயப்பிரகாஷ்.

"இவன புதுச்சேரிக்கு அனுப்பணும்" என்றார் இளம்பரிதி. "ஆனா இப்படியே அனுப்பினா வழியிலயே போயிடுவான். தியேட்டருக்குள்ள தள்ளுங்க. ரத்தத்த நிறுத்திட்டு அனுப்புவோம்."

வேணுவின் கையில் ஊசி ஏற்ற நரம்பைத் தேடியபோது, கிடைக்காமல் போனால்தான் என்ன என்று ஜெயசெல்விக்குத் தோன்றியது. தன் மனசில் இப்படியொன்று இருக்கிறதே என்று பயந்துபோனாள். ஜெயப்பிரகாஷின் ரத்தம் அவள் நகக்கண்ணில் இன்னும் காயாமல் இருந்தது. நரம்பு கிடைத்தது. ஊசியை ஏற்றினாள்.

அந்த ஆஸ்பத்திரி வந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ராஜாங்கத்துக்கும் அவர் மனைவி ராஜாம்பாளுக்கும் முதலில் பிறந்தது ஒரு மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவளுக்கு, குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. மழைக்காலம். டிராக்டரில் படுக்கவைத்து, சேற்றில் சக்கரம் புதையப் புதையக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில், ராஜாம்பாளின் மடியிலேயே போய்விட்டாள். திரும்பி வந்த அன்றே ராஜாங்கம் தன்னுடைய முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்குள் கடப்பாரையோடு போனார். கொட்டை வறுக்கும் அடுப்புகளை ஒவ்வொன்றாக இடித்து நொறுக்கினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தபோதும் நிறுத்தவில்லை. துக்கத்தில் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் ஊர் நினைத்தது. அடுத்த மாதம் அந்தக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் ஓய்வுபெற்ற சைமன்ராஜ் டாக்டரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார்.

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைத் தொழிலாளி வீட்டில் பிறந்த ஜெயசெல்வி, நர்ஸ் படிப்பு முடித்த கையோடு வந்து சேர்ந்தது அந்தக் கொட்டகைக்குத்தான். முதல் வாரமே, புருஷன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திய ஒரு பெண்ணை வாழையிலையில் சுற்றித் தூக்கிவந்தார்கள். அவள் சாகிற வரைக்கும் ஜெயசெல்வி கூட உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய்விடலாம் என்று நினைத்தவளை ராஜாம்பாள்தான் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டுப் படுக்கவைத்தாள்.

பிறகு ஒரு பிரசவ அறை. அதன் பின்னால் ஒரு வார்டு. வார்டுக்குக் கூரை போட்டபோது, மைன்ஸில் பெர்மனன்ட் வேலையில் இருந்த பரமசிவம், ஆஃப் கிடைத்த ஆட்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தார். ஷிஃப்ட் முடிந்து நிலக்கரித் தூசியோடு வந்தவர்களும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கலவைச் சட்டி தூக்கினார்கள். பரமசிவமும் ராஜாங்கமும் கூரைமேல் நின்று சட்டியை வாங்கினார்கள். அதற்குச் சில வருஷம் கழித்துக் கல்யாண வேன் ஒன்று பண்ருட்டிச் சாலையில் லாரிமேல் மோதியது. அடிபட்டவர்களை முந்திரி மரத்தடியில் வரிசையாகக் கிடத்தினார்கள். ஆபரேஷன் செய்ய இடமில்லாமல், சர்ஜன் இல்லாமல், கண்ணெதிரே ஒவ்வொருவராகச் செத்தார்கள். அந்தத் துக்கத்தில்தான் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சேர்ந்து தியேட்டர் கட்டியது.

ஒரு வருஷம் மாரியம்மன் திருவிழாவில் அடிதடி. வெட்டுப்பட்ட பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரிக்குள் ஓடிவந்தான். துரத்திவந்த கூட்டத்தின் கையில் அரிவாள் இருந்தது. ராஜாங்கம் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டுக்குக் குறுக்கே நின்றார்.

"உள்ள வந்துட்டான் இல்ல, இனிமே அவன் எம்புள்ள. அவன வெட்டணும்னா என்ன வெட்டிட்டுப் போங்க."

கூட்டம் திரும்பிப் போனது. அன்றிலிருந்து ஜெயசெல்விக்கு அவர் அப்பாவுக்கும் ஒரு படி மேல்.

இப்போது அதே மனிதரிடம் போய் அவர் மகன் செத்துப்போனதைச் சொல்ல வேண்டும். தியேட்டர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். நடையில் ராஜாங்கமும் ராஜாம்பாளும் வந்துகொண்டிருந்தார்கள். ராஜாம்பாளுக்குக் காலில் செருப்பில்லை.

"செல்வி, எங்க எம்புள்ள?"

"ஐயா... எவ்ளோ பாத்தோம். முடியலைங்க ஐயா."

ராஜாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து, மகன் கிடந்த அறைக்குள் போய்விட்டாள். ராஜாங்கம் பின்னால் போய்ப் பார்த்தார். மகனின் திறந்திருந்த வாயைத் தாடையைப் பிடித்து மூடினார். மூடியது நிற்கவில்லை. திரும்ப மூடினார். பிறகு நடைக்கு வந்தார். அதற்குள் வெளியே பைக்குகள் வந்து நிற்கும் சத்தம். அருண்ராஜ் ஆட்களோடு வந்துவிட்டான். சட்டையெல்லாம் தம்பியின் ரத்தம்.

"குத்துனவன இங்கதான் கொண்டாந்திருக்காங்கப்பா. ஆம்புலன்ஸ் நிக்குது" என்றான்.

ராஜாங்கம் ஜெயசெல்வியைப் பார்த்தார். "உள்ள இருக்கானா?"

அவள் தியேட்டர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. உள்ளே இளம்பரிதியும், தியேட்டர் வேலை பார்க்கும் ஸ்டெல்லாவும், மேசையில் வேணுவும்.

"கதவத் தொறக்கச் சொல்லு செல்வி."

"வேணாங்க ஐயா. போலீசு வரட்டும்."

"இது என் எடம்."

"நீங்கதான ஐயா சொன்னீங்க, உள்ள வந்தவன் எவனா இருந்தாலும் எம்புள்ளன்னு."

"எம்புள்ள அங்க செத்துக் கெடக்கறான்டி!"

இருபது வருஷத்தில் அவர் அவளை 'டி' போட்டுப் பேசியதில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் கூட்டத்துக்கு உத்தரவு கிடைத்த மாதிரி ஆயிற்று. ஒருவன் மருந்து அறைக் கண்ணாடியை உடைத்தான். தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜைக் குப்புறத் தள்ளினார்கள். நாற்காலிகள் பறந்தன. மேசையடியில் ஒளிந்த ரிசப்ஷன் பெண்ணைக் காலைப் பிடித்து இழுத்து மிதித்தார்கள். பிரசவ வார்டுப் பெண்கள் குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக முந்திரித் தோப்புக்குள் ஓடினார்கள். முந்தின நாள் ஆபரேஷன் செய்த ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்; தையல் விட்டு, புடவை நனைந்துகொண்டே போனது.

பொது வார்டில் வாசல் பக்கத்துக் கட்டிலில் பரமசிவம் இருந்தார். ரிட்டயரான பிறகு நுரையீரல் கெட்டு, ஒரு வாரமாக ஆக்ஸிஜனில் கிடந்தார். அந்த வார்டுக்குள் நுழைந்த அருண்ராஜ், பொறுக்க மாட்டாத வெறியில், எதிரே நின்ற சிலிண்டரை எட்டி உதைத்தான். அது கட்டிலின் இரும்புக் காலில் மோதி விழுந்தது. முகமூடி பிய்ந்துகொண்டு போயிற்று. பரமசிவம் காற்றில் கையைத் துழாவினார். ஜெயசெல்வி நின்ற இடத்திலிருந்து திறந்த கதவு வழியாக அது முழுசாகத் தெரிந்தது.

"அருணு! பெரியவருக்கு மூச்சு! அந்த மாஸ்க்க எடுத்து மூக்குல வை!" என்று அலறினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஓடினால் கதவு போய்விடும். ஓடாவிட்டால் பரமசிவம் போய்விடுவார். "யாராச்சும் போங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் போகவில்லை. அவள் கதவை விடவில்லை.

அதற்குள் மூன்று நான்கு பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். ஒருவன் கொண்டையைப் பிடித்துத் தலையைக் கதவில் மோதினான். கண்ணுக்குள் வெள்ளை வெளிச்சம் பாய்ந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவள் பக்கத்து ஜன்னல் கிரில்லை இடது கையால் பற்றிக்கொண்டாள். இழுத்தார்கள். வரவில்லை. விலாவில் உதைத்தார்கள். மூச்சு நின்று வந்தது, பிடி விடவில்லை.

"தள்ளுங்கடா" என்று ராஜாங்கத்தின் குரல் கேட்டது.

நடையில் கிடந்த சலைன் ஸ்டாண்டை அவர் எடுத்திருந்தார். அடிப்பாகம் கனத்த இரும்பு. தலைக்கு ஓங்குகிறார் என்று நினைத்து அவள் கண்ணை மூடினாள். அடி கையில் விழுந்தது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் விரல்கள் நொறுங்கிய சத்தத்தை அவளே கேட்டாள். இரண்டாவது தடவையும் ஓங்கி அடித்தார். பிடி தானாக விட்டுப்போனது. அவள் கதவடியில் சரிந்தாள். தரையில் கிடந்தபடியே வலது கையால் அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா, வேணாங்க ஐயா... நீங்க இத பண்ணாதீங்க ஐயா..."

அவர் காலை உதறவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கதவை ஸ்டாண்டால் இடித்தார். கதவின் மேல்பாதிக் கண்ணாடி நொறுங்கி அவள் முதுகில் கொட்டியது. அருண்ராஜ் அப்பாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டுத் தாழைத் தேடினான். உள்ளே இருந்த ஸ்டெல்லா, சிலிண்டர் திருகும் இரும்புச் சாவியால் அந்தக் கையை அடித்தாள். எலும்பு முறிந்து கை தொங்கியது. அவன் போட்ட கூச்சல் தோப்பு வரைக்கும் கேட்டதாம். தொங்கிய கையைக் கண்ணாடி முனையில் கிழித்துக்கொண்டு வெளியே இழுத்தான். அந்தக் கூச்சலோடு கூச்சலாகப் போலீஸ் வண்டிகள் வந்தன.

கூட்டம் சிதறி ஓடியது. ராஜாங்கம் மட்டும் ஓடவில்லை. ஸ்டாண்டைப் பிடித்தபடியே நின்றார். போலீஸ்காரர் வந்து அதைக் கையிலிருந்து வாங்கினார். அடுத்த அறையில், வாசலுக்கு எதிரே, மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ராஜாம்பாள் உட்கார்ந்திருந்தாள். நடந்ததெல்லாம் அவள் கண்முன்தான் நடந்தது.

வேணுவைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் பிழைத்தான். பரமசிவம் செத்துப்போனார். யாரும் கொளுத்தவில்லை, யாரும் வெட்டவில்லை. தான் கூரை போட்ட வார்டில், அந்தக் கூரையைப் பார்த்தபடியே மூச்சுக் கிடைக்காமல் செத்தார்.

ஜெயசெல்வியின் கையை இரண்டு தடவை ஆபரேஷன் செய்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிழைத்தன. மற்ற மூன்றும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டன. கடலூர் ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவளைப் பார்க்கக் கமிட்டிச் செயலாளர் சங்கரலிங்கம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்.

"யம்மா, ஊரே சேர்ந்து கேக்குது. கூட்டத்துல யாரு என்னன்னு தெரியலன்னு சொல்லிடு. புள்ளயப் பறிகுடுத்தவரு. அந்த நேரத்துல அவரு மனுசனாவே இல்ல. நீ அவரு பேரச் சொல்லிட்டன்னா ஊரு ரெண்டாயிடும். அப்பறம் ஆஸ்பத்திரி எங்க தொறக்கறது? சொல்லலன்னா ஆறே மாசத்துல முன்ன இருந்தத விட நல்லா எழுப்பிக் காட்டறோம்."

ஜெயசெல்வி சுவர்ப்பக்கம் பார்த்தாள். ராஜாம்பாள் போட்ட சோற்றை அவள் மறக்கவில்லை.

"நேத்து பரமசிவம் ஐயா சம்சாரம் வந்தாங்க. எப்படிப் போனாருன்னு கேட்டாங்க. பாத்தத சொன்னன். அவங்ககிட்ட ஒண்ணு, போலீசுகிட்ட ஒண்ணு என்னால சொல்ல முடியாதுங்க."

சங்கரலிங்கம் ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்.

அவள் இரண்டு பெயரையும் சொன்னாள். கையை அடித்தது ராஜாங்கம். சிலிண்டரை உதைத்தது அருண்ராஜ். குத்து வாங்கியவன், குத்தினவன் என்று பார்க்காமல், வேணுவைப் பற்றிக் கேட்டதற்கும் தெரிந்ததைச் சொன்னாள். அந்த வாரமே அவள் புருஷன் சேவியர்ராஜை வேலை முடிந்து வரும் வழியில் மறித்து அடித்தார்கள். அவன் கான்ட்ராக்ட் வெல்டர். முன்பல் இரண்டு போயிற்று. பைக்கை நடுரோட்டில் கொளுத்தினார்கள். வீங்கின வாயோடு வீட்டுத் தரையில் படுத்திருந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுதாள். "நெல்லிக்குப்பத்துக்கே போயிடலாங்க" என்றாள்.

"போலாம்" என்றான் சேவியர்ராஜ். "ஆனா நீ சொன்னது சொன்னதுதான். கோர்ட்லயும் அதையே சொல்லு. இல்லன்னா நான் பல்லக் குடுத்தது எதுக்கு?"

போகவில்லை. மைன்ஸ் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு வீட்டுக்கு மட்டும் மாறிக்கொண்டார்கள்.

சங்கரலிங்கம் சொன்னதில் ஒன்று பலித்தது. ஊர் இரண்டானது. ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. இளம்பரிதி கோயமுத்தூருக்குப் போனவர் திரும்பவே இல்லை. போனில் கூப்பிட்டபோது, "கதவு தட்டுற சத்தம் கேட்டா இன்னும் உடம்பு ஆடுது சிஸ்டர். என்ன விட்டுடுங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மழை தொடங்கிய சமயம் ஒரு முற்பகல். மருந்துகளில் கெடாதது ஏதாவது மிஞ்சியிருக்கிறதா பார்க்கலாம் என்று ஜெயசெல்வியும் ஸ்டெல்லாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உள்ளே அடியெடுத்து வைக்கவே இருவருக்கும் மனசில்லை. நடையில் கண்ணாடித் தூள் இன்னும் கிடந்தது. தியேட்டர் கதவடியில் கறுப்பாகக் காய்ந்திருந்தது தன்னுடைய ரத்தம்தான் என்று ஜெயசெல்விக்குத் தெரிந்தது. அப்போது வாசலில் ஒரு ஆட்டோ. பவித்ரா என்ற பெண். மந்தாரக்குப்பத்துக் கான்ட்ராக்ட் தொழிலாளியின் மனைவி. குழந்தையின் தலை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி பூட்டிக்கிடப்பது ஆட்டோக்காரனுக்குத் தெரியாது.

"கடலூரு போலாம்மா" என்றாள் ஸ்டெல்லா பயந்துபோய்.

"போய்ச் சேராது. உள்ள தூக்கு."

கிழிந்த மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டார்கள். குழந்தை உடனே பிறந்தது, அழுதது. அதற்குப் பிறகுதான் வினை. நஞ்சுக்கொடி விழுந்ததும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம். பவித்ராவின் கண் மேலே செருகியது. கர்ப்பப்பையை உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாக வைத்து நசுக்கிப் பிடிக்க வேண்டும். ஜெயசெல்வி இடது கையைப் பார்த்தாள். விறைத்து நின்ற விரல்களை மடக்கி முஷ்டியாக்க முடியாது.

"ஸ்டெல்லா, கையக் கழுவு. முஷ்டி பண்ணு. நான் சொல்றபடி உள்ள வுடு."

"ஐயோ, எனக்கு வராதும்மா!"

"வரும். வுடு. இன்னும் மேல. நான் வயித்து மேல அமுக்கறன். ரெண்டு பேருக்கும் நடுவுல அது மாட்டணும். வுட்டுடாத, அவ கத்துனாலும் வுட்டுடாத."

பவித்ரா கத்தினாள். ஸ்டெல்லா அழுதுகொண்டே அமுக்கினாள். முழங்கை வரை ரத்தம். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் இருவரும் கையை எடுக்கவில்லை. வண்டியில் ஏற்றியபோது பவித்ராவுக்கு நாடி இருந்தது. இரண்டு நாள் கழித்து, பிழைத்துக்கொண்டாள் என்று செய்தி வந்தது.

அந்தச் செய்தி பனங்காட்டுக்கொல்லைக்கும் போனது. மறுநாள் மகளிர் குழுத் தலைவி சண்முகப்பிரியா விளக்குமாறும் கூடையுமாகப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ராஜாங்கத்தின் பக்கம் நின்ற வீட்டுப் பெண்களும் அதில் இருந்தார்கள், பரமசிவத்தின் மருமகளும் இருந்தாள். ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு மூலையாகக் கண்ணாடியைக் கூட்டினார்கள். ரத்தக் கறையைச் சுரண்டிக் கழுவினார்கள்.

அதற்கப்புறம் டாக்டர் கிடைக்க அலைந்தது தனிக் கதை. தமிழ்நிலா என்ற மகப்பேறு டாக்டர் வந்து சேர்ந்தார். தியேட்டருக்கு இரும்புக் கதவு போட்டார்கள். சுற்றிலும் உயரமாகச் சுவர் எழுப்பி, வாசலில் காவலுக்கு ஆளும் வைத்தார்கள். மாடியில் இன்னொரு வார்டு ஏறியது. முன்பெல்லாம் தோப்பு வழியாக யார் வேண்டுமானாலும் நடந்து உள்ளே வருவார்கள். இப்போது காவலாளி பெயர் கேட்டுத்தான் விடுகிறான். ஜெயசெல்விக்கு அந்தச் சுவர் பிடிக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவள் கேட்டதும் இல்லை.

வழக்கு முடிய மூன்று வருஷம் ஆயிற்று. சாட்சிக் கூண்டில் அவள் நின்றபோது எதிரே ராஜாங்கம் நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது. "இவர்தானா?" என்று வக்கீல் கேட்டார். "ஆமாங்க" என்றாள். ராஜாங்கம் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் கூட இருந்த சிலருக்கும் சிறை. வேணுவுக்கு வேறு வழக்கில் தண்டனை ஆனது. அவள் கட்டோடு படுத்திருந்த கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் காவலில் தையல் பிரிக்கக் கொண்டுவரப்பட்டபோது ஒரே ஒரு தடவை அவன் ஜெயசெல்வியோடு பேசியிருக்கிறான். தன்னுடைய போன் எங்கே என்று கேட்டான்.

தீர்ப்பு வந்து சில வாரங்கள் இருக்கும். வெளிநோயாளி வரிசையில் ராஜாம்பாள் உட்கார்ந்திருந்தாள். காவலாளி யாரென்று தெரியாமல் பெயர் கேட்டிருக்கிறான்; சொல்லிவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். அவளுக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலியாக இருந்தது. இளைய நர்ஸ் ஒருத்தி போய், "உள்ள வாங்கம்மா, உங்களுக்கு வரிச எதுக்கு?" என்றாள். ராஜாம்பாள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

முறை வந்தபோது ஜெயசெல்வியே எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னா பண்ணுதும்மா?"

"தல சுத்துது. எழுந்தா விழுந்துடுவன் போல இருக்குது. வூட்ல யாரும் இல்ல."

பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினாள். ஒற்றைக் கையால் சுற்றுவது அவளுக்குப் பழகிவிட்ட வேலைதான். ஆனாலும் அன்றைக்கு நழுவியது. ராஜாம்பாள் அந்த விரல்களைப் பார்த்தாள்.

"மடங்கவே மடங்காதா?"

"மடங்காதுங்கம்மா."

பாதரசம் ஏறி இறங்கியது. பிரஷர் மிக அதிகமாக இருந்தது. ஜெயசெல்வி அளவைச் சீட்டில் எழுதத் திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால் ராஜாம்பாள் பேசினாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"உன்கிட்ட பொய் சொல்லக்கூடாது செல்வி. இன்னைக்கும் எனக்கு, நீ அன்னைக்கு கதவத் தொறந்து வுட்டிருக்கலாம்னுதான் தோணுது. எம்புள்ளயக் கொன்னவன் ஜெயில்ல சோறு துண்ணுகினு இருக்கான். அத நெனச்சா எனக்குத் தூக்கம் வல்ல."

ஜெயசெல்வி எழுதுவதை நிறுத்தினாள். "சரிங்கம்மா" என்றாள்.

"தப்பா?"

"தெரியலைங்கம்மா. எனக்கும் தூக்கம் இல்லைங்க. பரமசிவம் ஐயா கைய ஆட்டினது கண்ணுலயே நிக்குது."

வெளியே அடுத்த ஆளைக் கூப்பிடும் குரல் கேட்டது. எழுந்த ராஜாம்பாள் தடுமாறினாள். ஜெயசெல்வி சட்டென்று போய்த் தோளைத் தாங்கிப் பிடித்துத் திரும்ப உட்காரவைத்தாள்.

"இன்னைக்கு வூட்டுக்குப் போக வேணாம். மேல வார்டுல படுங்க. ராத்திரிக்கு நான் சோறு கொண்டாரன்."

"உன் கையால எனக்கு வேணாம்" என்றாள் ராஜாம்பாள்.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, "எந்தப் பக்கம் படி?" என்று கேட்டாள்.